பால் குடித்த ஆதி மனிதன்

மைசூரில் ஆளுக்கொரு கர்வம். கேசவமூர்த்தி வீட்டுக் கர்வம் அதில் தனி ரகம். இருப்பது வாடகை வீடு, பாங்கில் ஹெட் கிளார்க் உத்தியோகம், ஸ்கூட்டரைச் சாய்த்து வைத்து உதைத்தால்தான் அதற்கு உயிர் வரும். ஆனால் மனுஷர் வாயைத் திறந்தால் ஆயிரம் வருஷத்துக்குக் கீழே இறங்கமாட்டார். "நாங்கள்ளாம் ராமானுஜரோட மேல்கோட்டைக்கு வந்தவா, தெரியுமோ?" என்று காஸ் சிலிண்டர் மாட்ட வந்தவரிடம்கூடச் சொன்னார். அவர் பாவம், காலி சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே முழுக்கதையும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

இப்பேர்ப்பட்ட வீட்டில் பிறந்த அபூர்வா, பி.ஏ. கடைசி வருஷத்தில் சரித்திரம் படிக்கப் போய் ஆதி மனிதனிடம் மாட்டிக்கொண்டாள். காலேஜில் ஹரிப்ரசாத் சார் அந்தப் பாடத்தை ஆரம்பித்த நாளிலிருந்து பெண்ணுக்கு வேறு நினைப்பே இல்லை. லட்சக்கணக்கான வருஷம்! கல்லை உடைத்துக் கத்தியாக்கினவன், நெருப்பைப் பார்த்துப் பயந்து, பிறகு அதையே அடக்கி வளர்த்தவன், கூட்டம் கூட்டமாக நடந்து உலகம் பூராவும் பரவினவன். அவனுக்குக் கோத்திரம் இல்லை, பட்டா இல்லை, ரேஷன் கார்டு இல்லை. காலேஜ் விட்டு டவுன் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வரும்போது கண்டக்டர் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று எல்லோரையும் முன்னால் தள்ளுவதைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். மனுஷ குலத்துக் கதை மொத்தமும் அதுதானே? பின்னால் இருப்பவன் தள்ள, முன்னால் இருப்பவன் நகர, ஏறினவனெல்லாம் தனக்குத்தான் முதல் ஸீட் என்று சண்டை பிடிக்கிறான்.

ஒரு சாயங்காலம் அப்பாவிடமே கேட்டுவிட்டாள்.

"அப்பா, ராமானுஜரோட வர்றதுக்கு முன்னாடி நாம எங்க இருந்தோம்?"

"ஸ்ரீரங்கம்."

"அதுக்கு முன்னாடி?"

"அங்கங்கே திவ்யதேசங்கள்ல இருந்திருப்போம்."

"அதுக்கும் முன்னாடி?"

கேசவமூர்த்தி பேப்பரை மடித்து வைத்தார். "பரமபதம்டி. போய்ப் பாடத்தைப் படி."

"பாடத்துலதாம்ப்பா இருக்கு. ஆப்பிரிக்கா. எல்லாருமே அங்கேர்ந்து நடந்து வந்தவாதானாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எதிராத்துக்காரா வேணா வந்திருப்பா," என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மறுபடி பிரித்துக்கொண்டார்.

இதெல்லாம் வீட்டுப் பேச்சு, போகட்டும். அபூர்வாவுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது வேறு. தசரா லீவு முடிந்ததும் காலேஜில் ஒரு முகாம். ராய்ச்சூர் பக்கம், கிருஷ்ணா நதிக் கரையோரமாகக் கூடாரம் போட்டுத் தங்கி, கல்லாயுதங்களைத் தேடிப் பொறுக்குவது. முகாமுக்கு வந்தவர்களுக்குத்தான் எம்.ஏ.வுக்குச் சிபாரிசு என்று ஹரிப்ரசாத் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போகவில்லையென்றால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஜாதகம் வெளியே வரும், தையில் கல்யாணம், அடுத்த கொலுவுக்குக் கையில் ஒரு குழந்தை.

அம்மா சுலோசனா, முகாம் என்ற சொல்லைக் கேட்டதுமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "கூடாரமா? வயசுப்பொண்ணு கூடாரத்துலயா? எதுக்கு, கல்லு பொறுக்கவா? நம்மாத்து ரேஷன் அரிசியில இல்லாத கல்லா? உக்காந்து பொறுக்கு, யார் வேண்டாம்னா?"

அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அம்மாவின் பலவீனத்திலேயே கை வைத்தாள்.

சுலோசனாவின் பலவீனம் கொலு. அந்த லேஅவுட்டில் மகளிர் சங்கம் நடத்தும் கொலுப் போட்டியில் முதல் பரிசு ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ். எதிர்வீட்டுக் காவேரியின் கணவருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. மனுஷர் கொலுப்படி நடுவே குட்டி ரயில் ஒன்றை ஓடவிடுவார். குகைக்குள் நுழைந்து கூவிக்கொண்டே வெளியே வரும். வருஷா வருஷம் சிமிழ் அந்த ரயிலிலேயே ஏறிப் போய்விடும். சுலோசனாவுக்கு அந்தக் கூவல் கேட்டாலே வயிறு எரியும்.

"அம்மா, இந்தத் தடவை யாரும் வைக்காத ஒண்ணு நான் பண்ணித் தர்றேன். ஆதி மனுஷன். குகை, நெருப்பு, எல்லாம். சிமிழ் நம்மாத்துக்கு வந்தா என்னை முகாமுக்கு விடுவியா?"

சுலோசனா எதிர்வீட்டை ஒருமுறை பார்த்தாள். "வரட்டும், விடறேன்," என்றாள். பெருமாள் படத்தின் முன்னால் நின்று சொன்னதால் அது சத்தியத்துக்குச் சமம்.

குயவர்கள் இருக்கும் கும்பாரகொப்பலில் களிமண் வாங்கி வந்து அபூர்வா உட்கார்ந்தாள். பெண்ணுக்குக் கை வாகு உண்டு. குந்தி உட்கார்ந்த ஒரு மனிதன், கையில் கூர்க்கல், எதிரே ஒரு முயல். கூட்டத்தாரைக் கத்திக் கூப்பிடுகிற மாதிரி வாய் திறந்திருந்தது. பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு நிற்கும் ஒருத்தி. தேங்காய் நாரைக் கருக்கித் தலைமயிர் ஒட்டினாள், பழுப்புக் காகிதத்தைக் கசக்கிக் குகை செய்தாள், கேழ்வரகைத் தூவிப் புல்வெளி முளைக்கவிட்டாள். சூளையில் வைத்துச் சுட நாள் இல்லை. சுலோசனாதான் மொட்டை மாடியில் வெயில் படாமல் வைத்து, காக்காய் ஓட்டிக் காயவைத்தாள். பெயின்ட்டும் அடிக்கவில்லை. மண் நிறமே அவன் நிறம் என்று விட்டுவிட்டார்கள்.

கொலு முதல் நாள் ஆதி மனிதன் கீழ்ப்படியில், செட்டியார் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நன்றாகத்தான் இருந்தான். சாயங்காலம் அடுத்த தெருவிலிருந்து ரங்கம்மா அத்தை வந்தாள்.

ரங்கம்மா கேசவமூர்த்திக்கு அக்கா. அந்தக் குடும்பத்தில் சாஸ்திரம் என்பது எந்த ஓலையிலும் கிடையாது. அத்தை வாயில் வருவதுதான் சாஸ்திரம். செவ்வாய்க்கிழமை ஃப்ரிட்ஜைத் துடைக்கக் கூடாது என்று அவள் ஒருதரம் சொன்னாள், இன்றுவரை துடைப்பதில்லை. சுலோசனா கல்யாணமாகி வந்த நாளாக "ஆகட்டும்க்கா" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பதில் சொன்னதில்லை.

"என்னடி இது, அம்மணமா? மேல பெருமாள் நின்னுண்டிருக்கார்!" அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆதி மனுஷன், அத்தை. அப்போ துணியே கிடையாது."

"அப்போ இல்லேன்னா இப்போ இருக்கோன்னோ?"

பழைய வேஷ்டிக் கரையைக் கிழித்து அவனுக்குப் பஞ்சகச்சம் கட்டினாள். பக்கத்தில் நின்றவளுக்கு ரவிக்கைத் துணியில் மடிசார். சிமிழை நினைத்து அபூர்வா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் முயல் போயிற்று. ஆசாரமான ஆத்தில் மாமிசமா? அந்த இடத்தில் செட்டியார் கடைப் பூசணிக்காய் வந்து உட்கார்ந்தது. லட்சம் வருஷம் வேட்டையாடினவன், வெறிகொண்டு வாயைப் பிளந்துகொண்டு, ஒரு பூசணிக்காய்மேல் பாயத் தயாராக இருந்தான்.

அதற்கடுத்த நாள் சுலோசனாவே ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து வந்தாள். "வர்றவா எல்லாரும் கேக்கறாடி, தாலி இல்லாம புள்ளையான்னு." கட்டிவிட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், எதிலும் தலையிடாத கேசவமூர்த்தி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நுனி மெல்லிய தூரிகையோடு வந்து கொலு முன்னால் சம்மணம் போட்டார்.

"நீங்களுமாப்பா?"

"நாளைக்கு எங்க மேனேஜர் ஆத்துக்காரி வர்றாம்மா. நெத்தி பாழா இருந்தா நன்னாவா இருக்கும்?" மூச்சைப் பிடித்துக்கொண்டு தென்கலைத் திருமண் இட்டார், பாதம் உட்பட. வேறு யாராவது வந்து வடகலையாக இட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

அபூர்வா பார்த்துக்கொண்டே இருந்தாள். துணி, கல்யாணம், மதம், சம்பிரதாயம், மரக்கறி உணவு. ஹரிப்ரசாத் சார் ஒரு டெர்ம் முழுக்கச் சாக்பீஸ் தேய நடத்தின பாடத்தை இந்த வீடு சில சாயங்காலங்களில் நடத்தி முடித்துவிட்டது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. தன் கையால் பிடித்தவனைத் தன் கண்ணெதிரே திருடிக்கொண்டு போகிறார்கள். கேட்கத் துப்பில்லை அவளுக்கு. கேட்டால் முகாம் போச்சு.

மறுநாள் மத்தியானம் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுலோசனா திடீரென்று கேட்டாள். "ஏண்டி, அவ அவ்வளவு தூரமும் நடந்தேவா வந்தா? உன்னோட அந்தப் பொம்மனாட்டி?"

"ஆமாம்மா."

"இடுப்புல புள்ளையோடயா?"

"ஒரே ஆள் அத்தனை தூரமும் வரலை. கொஞ்ச தூரம் அவ, அப்புறம் அவ பொண்ணு, அப்புறம் அவளுக்குப் பொண்ணு. அப்படியே வந்துண்டே இருந்தா."

சுலோசனா துருவுவதை நிறுத்தினாள். "யாரும் வேண்டாம்னு சொல்லலையா?"

"யார் சொல்றது? எல்லாரும்தான் நடந்தா."

"நான் கல்யாணமாகி மண்டியாவுலேர்ந்து மைசூர் வந்தேன். ரயில் ஏறி உக்காந்து, பூவைச் சரிபண்ணிக்கறதுக்குள்ள எறங்கச் சொல்லிட்டா," என்றாள் சுலோசனா. "அவ்வளவுதான் நான் போன தூரம்." தேங்காய் மூடியைத் திருப்பி மறுபடி துருவ ஆரம்பித்தாள். அபூர்வாவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

இனிமேல்தான் விபரீதம்.

பிள்ளையார் பால் குடித்தது அந்த வருஷம்தான், நினைவிருக்கும். நவராத்திரிக்குச் சில நாள் முன்னால் ஊரே கையில் ஸ்பூனோடு கோயில் வாசலில் நின்றது. மைசூரில் அன்று மத்தியானத்துக்குமேல் ஒரு பாக்கெட் பால் கிடைக்கவில்லை. ரங்கம்மா அத்தையும் போனாள். பரம வைஷ்ணவி பிள்ளையார் கோயிலுக்கா என்று கேட்கப்படாது. "தும்பிக்கையாழ்வார்னு நினைச்சுண்டுதான் போனேன்" என்பாள். ஆனால் அவள் முறை வருவதற்குள் ஆழ்வாருக்கு வயிறு நிரம்பிவிட்டது. அத்தை நீட்டிய ஸ்பூன் நீட்டியபடி நின்றதுதான் மிச்சம். அந்த அவமானம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

கொலு பார்க்க வரும் கூட்டத்தைச் சொல்லவேண்டும். ஆதி மனிதர்கள் வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்ந்தார்கள் என்று பாடம். அந்த லேஅவுட்டில் நவராத்திரி வந்தால் அது கண்கூடு. மாமிகள் கூட்டமாகக் கிளம்பி, ஒவ்வொரு குகையாக நுழைந்து, சுண்டலைப் பிளாஸ்டிக் பையில் சேகரித்துக்கொண்டு அடுத்த குகைக்குப் போவார்கள். அப்படி வந்த ஒருத்தி பஞ்சகச்சத்தையும் திருமண்ணையும் பார்த்துவிட்டு, "இவர் யாரு, ரிஷியா?" என்று கேட்டாள்.

அபூர்வா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "ஆதி ரிஷி. எங்க வம்சத்துக்கே மூலபுருஷர். வாயைப் பாரேன், வேதம் சொல்லிண்டே இருக்கார்."

சொன்னதோடு விட்டாளா? சாமிக்கு வைத்திருந்த பாலில் ஒரு ஸ்பூன் எடுத்து, அந்தத் திறந்த வாயில் வைத்தாள்.

சுடாத களிமண். நிழலில் காய்ந்து காய்ந்து தாகமெடுத்துக் கிடந்த மண். அது பாலை விடுமா? ஸ்பூன் சாய்ந்ததுதான் தெரியும், உறிஞ்சிவிட்டது.

"நாராயணா! குடிச்சுட்டார்! என் கையால குடிச்சுட்டார்!" அத்தைக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. அது நடிப்பில்லை, நிஜமான கண்ணீர். கோயில் வாசலில் மறுக்கப்பட்டவளுக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டதே.

அவ்வளவுதான், தெருவே திரண்டுவிட்டது. மேனேஜர் மனைவி இரண்டு ஸ்பூன் கொடுத்தாள். எதிர்வீட்டுக் காவேரி ரயிலை நிறுத்திவிட்டு வெள்ளி ஸ்பூனோடு வந்து வரிசையில் நின்றாள். அத்தை உடனே ஒரு சாஸ்திரம் போட்டாள். வைத்த பொம்மையை விஜயதசமிவரை நகர்த்தக் கூடாது என்பதும் அவள் போட்டதுதான். ஆனால் ரிஷிகளுக்கு அது பொருந்தாதாம். "கீழ்ப்படியில இருக்கப்படாது. மேல ஏளப்பண்ணுங்கோ!" ஆதி மனிதன் ஒரே சாயங்காலத்தில் படிப்படியாக ஏறி, தசாவதாரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கூட வந்தவளையும் குழந்தையையும் பூசணிக்காயையும் பக்கத்தில் வைத்தார்கள். அவளிடம் ஸ்பூனை நீட்ட யாருக்கும் தோன்றவில்லை.

"பச்சை மண்ணும்மா அது," என்று அபூர்வா சமையல் உள்ளில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "உறிஞ்சறது, அவ்வளவுதான். பூந்தொட்டிகூடக் குடிக்கும். நீதானே காயவெச்சே, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டி," என்றாள் சுலோசனா மெதுவாக. "பேசாம இரு. ஜட்ஜ் வந்து பாத்துட்டுப் போகட்டும். இந்தக் கூட்டத்தைப் பாத்தா சிமிழ் நமக்குத்தான். நீ உன் காட்டுக்குப் போயிட்டு வா, அது போதும்."

கூடாரத்தை நினைத்து அபூர்வா வாயை மூடிக்கொண்டாள். அப்படி மூடிக்கொண்டது அவளுக்கே பிடிக்கவில்லை. கல்லை உடைத்துக் கத்தி செய்தவன் அதைத் தன் கையாலேதான் செய்தான், யார் கால் கையையும் பிடிக்கவில்லை. தான் ஒரு கூடாரத்துக்காக அவனையே விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

ஜட்ஜ் வருவதற்குள் ரிஷி குடித்த பாலுக்குக் கணக்கே இல்லை. மேலே பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. கிட்டே போனால் புளித்த வாடை. பஞ்சகச்சத்தைச் சுற்றி எறும்பு. கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தார். "பக்தாளை அனுக்ரகம் பண்றதுக்காகக் குனியறார்," என்றாள் அத்தை.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் ஜட்ஜ் வந்தார். சென்னம்மா மேடம், கன்னடக்காரர், ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பெரிய மனுஷர்களே கைகட்டி நிற்பார்கள். கேழ்வரகுப் புல்லைத் தொட்டுப் பார்த்தார், குகையைப் பார்த்தார், கடைசியில் மேல்படியைப் பார்த்தார்.

"ஏனம்மா இது, என்ன இது? யாரு?" என்று அபூர்வாவைக் கேட்டார். "நீதானே செஞ்சே? நீயே சொல்லு."

அப்பா தொண்டையைச் செருமினார். அம்மா புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"ஆதி..." என்றாள் அபூர்வா. மேலே வரவில்லை. ஒரு பக்கம் கூடாரம், ஒரு பக்கம் தையில் மணவறை.

"ரிஷி!" என்று முடித்துவைத்தாள் அத்தை. "ஆதி ரிஷி. பால் குடிப்பார் மேடம். நீங்களே குடுத்துப் பாருங்கோ!" கையில் ஸ்பூனைத் திணித்தாள்.

சென்னம்மா மேடம் அத்தையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, பிள்ளைகள் சொல்லும் விடையை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுகிற டீச்சர் மாதிரி, ஸ்பூனை அவன் வாயில் வைத்தார்.

ரிஷி குடித்தார். குடித்துக்கொண்டே தலை குனிந்தார். குனிந்த தலை நிற்கவில்லை. கழுத்து தொளதொளத்து, திருமண் இட்ட நெற்றி பொத்தென்று மத்ஸ்யாவதாரத்தின்மேல் விழுந்தது. கூர்க்கல் பிடித்த கை கழன்றது. உடம்பு அப்படியே உள்ளே அமுங்கிச் சேறாகி, பஞ்சகச்சம் நழுவிக் கீழ்ப்படியில் செட்டியார் தலையில் போய் விழுந்தது. பூசணிக்காய் மட்டும் ஒவ்வொரு படியாகத் தடதடவென்று குதித்து இறங்கி, மேடம் காலடியில் வந்து நின்றது.

எதிர்வீட்டில் ரயில் கூவிற்று.

"அது மனுஷன், மேடம்," என்றாள் அபூர்வா. இப்போது வார்த்தை தானாக வந்தது. "ஆதி மனுஷன். சுடாத மண்ணு. பால் ஊத்தினா கரையத்தான் கரையும்."

"வாயை மூடு!" என்று அத்தை அலறினாள். "அவர் காதுபட மண்ணு மண்ணுன்னு சொன்னியே, அதான் கோச்சுண்டு போயிட்டார்!"

சென்னம்மா மேடம் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே, மகளே," என்று மட்டும் அபூர்வாவிடம் சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். சிமிழ் அந்த வருஷமும் ரயில் ஏறியது. மேடம் சொன்ன அந்த ஒரு வார்த்தை அபூர்வாவைப் பிடுங்கித் தின்றது. அத்தையின் அலறல்கூட அவ்வளவு வலிக்கவில்லை.

ராத்திரி வரை எதற்கு, அப்போதே கூடத்தில் விசாரணை கூடிவிட்டது. நவராத்திரியில் பொம்மை உடைந்தது தோஷம், அதுவும் ரிஷி உடைந்தது மகா தோஷம். பரிகாரம் என்ன? அத்தை கண்ணை மூடித் திறந்தாள், சாஸ்திரம் ரெடி. "பொண்ணுக்குத் தையிலேயே கல்யாணம். நாளைக்கே ஜாதகத்தை எடு கேசவா. இந்தப் படிப்பால வந்த வினைதான் எல்லாம்."

"ஆகட்டும்க்கா," என்றார் கேசவமூர்த்தி.

அபூர்வா சுவரோரமாக நின்றாள். முடிந்தது கதை. பரிசும் இல்லை, முகாமும் இல்லை, ஒரு மனுஷனை மனுஷன் என்று வேளையில் சொன்ன நிம்மதிகூட இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது சுலோசனா வாயைத் திறந்தாள்.

"அக்கா, கல்யாணம் பண்ணலாம். அதுக்கு முன்னாடி அவரைக் கரைக்கணுமே."

"யாரை?"

"ரிஷியை. இப்படிக் குழம்பா படியில கிடக்காரே. ஓடற தண்ணியில விட்டாத்தானே தோஷம் போகும்?"

"அதுக்கென்ன, காவேரி இருக்கே, ஸ்ரீரங்கப்பட்டணத்துல," என்றார் கேசவமூர்த்தி.

"காவேரியில ஆகாது," என்றாள் சுலோசனா. குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. "பால் குடிச்சவர். கிருஷ்ணன் பேர் இருக்கற ஆத்துலதான் கரைக்கணும். கிருஷ்ணா நதி. அதுவும் யார் கையால செஞ்சதோ அவா கையாலேயே கரைக்கணும்."

அத்தை சந்தேகமாகப் பார்த்தாள். "இது எந்த சாஸ்திரம்டி சுலோசனா? நான் கேட்டதில்லையே?"

"உங்களுக்குத் தெரியாத சாஸ்திரமாக்கா? மண்டியாவுல எங்காத்துல எல்லாருக்கும் தெரியும்."

ரங்கம்மா அத்தை வசமாக மாட்டிக்கொண்டாள். மண்டியாக்காரிகளுக்கெல்லாம் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று சொல்ல அவளால் முடியுமா? "தெரியாம என்ன," என்றாள். "நானே சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ முந்திண்டே."

"கிருஷ்ணா நதிக்கா? எனக்கு லீவு கிடைக்காதே," என்று கேசவமூர்த்தி திகைத்தார். "பாங்க்ல ஹாஃப் இயர்லி கணக்கு தலைக்குமேல கிடக்கு."

"நீங்க எதுக்கு? காலேஜ் பஸ் அங்கேதான் போறது. லேடி டீச்சர் வர்றா, கூடப் படிக்கற பொண்கள் வர்றா. போற பஸ்ல போகட்டும்."

அத்தை தலையை ஆட்டினாள், தீர்ப்பு ஆயிற்று. போகும்போது மேல்படியை நிமிர்ந்து பார்த்தாள். சேற்றுக்குப் பக்கத்தில் அந்த ஆதிப் பெண் இடுப்புக் குழந்தையோடு ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத்தான் யாரும் ஒரு சொட்டுப் பால் கொடுக்கவில்லையே.

"இவளை என்னடி பண்றது? அவர் போயிட்டார். தாலியை..."

"அது நான் கட்டினதுக்கா," என்றாள் சுலோசனா. "நான் பாத்துக்கறேன்."

அபூர்வா அம்மாவைப் பார்த்தபடியே நின்றாள். வாழ்நாளில் ஒரு சாஸ்திரம் போட்டறியாதவள், முதல்முதலாகப் போட்டது இது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. ஆனால் அத்தை செருப்பு மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பஸ் கிளம்பும் காலையில் குடும்பமே காலேஜ் வாசலுக்கு வந்துவிட்டது. ஆதி மனிதன் ஒரு எவர்சில்வர் தூக்குக்குள், பட்டுத் துணி சுற்றி இருந்தான். அத்தை புளியோதரைப் பொட்டலமும் உத்தரவுகளும் கொடுத்தாள். கிழக்கே பார்த்துக் கரை, கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதே, கூடாரத்தில் வெங்காயம் சாப்பிடாதே. கேசவமூர்த்தி டிரைவரிடம் போய், தாங்கள் ராமானுஜரோடு வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் படியில் நின்று ஹரிப்ரசாத் சார் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று பிள்ளைகளை உள்ளே தள்ளினார்.

அபூர்வா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சுலோசனா கிட்டே வந்து, ஜன்னல் கம்பி வழியாக ஒரு சின்னத் துணிமூட்டையை உள்ளே நுழைத்தாள். பிரித்துப் பார்த்தாள் அபூர்வா. அந்தப் பெண். மடிசார் இல்லை, மஞ்சள் கயிறு இல்லை. செய்த அன்றைக்கு இருந்தபடியே, இடுப்பில் குழந்தையோடு.

"முகாம் முடியறவரைக்கும் இருந்துட்டு வா," என்றாள் சுலோசனா, அத்தைக்குக் கேட்காத குரலில். "அவர் கரைய நாளாகும்னு நான் சொல்லிக்கறேன்."

"இவளையுமாம்மா?"

பஸ் நகர ஆரம்பித்தது. சுலோசனா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் கூடவே நாலடி வேகமாக நடந்தாள்.

"இவளைக் கரைச்சுடாதே," என்றாள். "அவ இன்னும் நடக்கணும்."